சிவப்பு நூல் கட்டிய கோழிகள்

நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் புதிதாக ஓர் எந்திரம் வந்திருக்கிறது, பார்க்க வாருங்கள் என்று சென்ற மாதம் அழைத்திருந்தார்கள். ஓய்வு பெற்றவனை இப்படி அழைப்பது சால்வை போர்த்தத்தான் என்று தெரிந்தேதான் போனேன். சால்வை போர்த்தி, கைதட்டி, வடை கொடுத்த பிறகு அங்கே பணியில் இருக்கும் ஓர் இளம் பெண் டாக்டர் கம்ப்யூட்டர் திரையில் இரண்டு வளைகோடுகளைக் காட்டினார்.

"இது வெளியே இருந்து தொத்தின வைரஸ் சார். இது கோழியோட ஜீன்லயே இருக்கிற வைரஸ், ஒண்ணும் செய்யாது. ரெண்டையும் மத்தியானத்துக்குள்ள பிரிச்சுச் சொல்லிடலாம். உங்க காலத்துல எப்படி சார் பிரிச்சீங்க?"

"பிரிக்கல. அறுபத்து மூணு கோழியக் கொன்னோம்" என்றேன்.

அவர் நான் வேடிக்கை பேசுவதாக நினைத்துச் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். விழா நேரத்தில் விளக்கம் சொல்ல வேண்டாமே என்று நானும் சிரித்து வைத்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஊர் ஸ்ரீவைகுண்டத்துக்கு அடுத்த வயல்கரைக் கிராமம். படிப்பு சுமார். சென்னையில் இரண்டு வருடம் ஆய்வுக்கூடப் பயிற்சி. அதில் முதல் வருடம் முழுக்கக் கண்ணாடிக் குழாய் கழுவினேன், இரண்டாம் வருடம் நான் கழுவிய குழாயில் மற்றவர்கள் சோதனை செய்வதைப் பார்த்தேன். அவ்வளவுதான் என் பயிற்சிக் காலம். எழுபதுகளின் தொடக்கத்தில் தூத்துக்குடியில் கோழி நோய்களைப் பார்க்க ஒரு சின்ன அரசு ஆய்வுக்கூடம் திறந்தபோது டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். முத்தையாபுரம் போகும் சாலையில் இரண்டு அறைக் கட்டடம். உப்புக்காற்றில் ஜன்னல் கீல் ஆறு மாதம் தாங்காது. ஒரு குளிர்பெட்டி, ஒரு வெந்நீர்த் தொட்டி, பின்பக்கம் எட்டு கினிப்பன்றிகள், பத்துப் பதினைந்து கோழிகள். கரண்ட் போனால் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் கம்பெனிக்கு ஓடவேண்டும். மீனுக்கு வைத்த ஐஸ் என்பதால் எங்கள் குளிர்பெட்டியில் எப்போதும் சாளை மீன் வாடை அடிக்கும்.

அதிகாரி டாக்டர் ஜெபராஜ். நாசரேத்துக்காரர். ஒல்லி, உயரம், எப்போதும் வெள்ளைச் சட்டை. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் "அப்படியா, மிஸ்டர் நம்பி?" என்பார். அந்த 'அப்படியா'வுக்கு வேறு ஆபீஸில் வாங்கும் திட்டே தேவலாம். கினிப்பன்றியிடம் ரத்தம் எடுக்கும் முன் அதன் காதருகே குனிந்து "கொஞ்சம் பொறுத்துக்கணும்" என்று மெதுவாகச் சொல்வார். எனக்கு ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை.

அவரிடம் இரண்டு சட்டங்கள் உண்டு. ஒன்று, எந்தச் சோதனையையும் இரண்டு முறை படிக்க வேண்டும். காலையில் நான் படித்து எழுதி மூடிவைப்பேன். சாப்பாட்டுக்குப் பிறகு என் எழுத்தைப் பார்க்காமல் அவர் படிப்பார். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். இரண்டாவது சட்டம், பதிவேட்டில் 'பாசிட்டிவ்' என்று எழுதக் கூடாது.

"பாசிட்டிவ்ங்கிறது முடிவு, மிஸ்டர் நம்பி. நீங்க பாத்தது எண். எண்ண மட்டும் எழுதுங்க."

அந்த எண் என்ன என்று சொன்னால்தான் இனி வரும் கதை புரியும். கோழியின் முட்டை வெள்ளைக் கருவில் வைரஸின் புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. குழிகள் உள்ள தட்டில் வெள்ளைக் கருவை விட்டு, வடக்கே ஒரு பெரிய நிலையத்திலிருந்து வரும், அந்தப் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்மருந்தைச் சேர்த்து, கினிப்பன்றியின் ரத்த நீரையும் ஊற்றிக் குளிரில் வைத்துவிடுவோம். மறுநாள் காலை அதில் ஆட்டு ரத்த அணுக்களை விடுவோம். கினிப்பன்றி ரத்த நீரில் உள்ள ஒரு பொருளுக்கு ஆட்டு அணுக்களை உடைக்கும் சக்தி உண்டு. வைரஸ் புரதம் இல்லாத குழியில் அணுக்கள் உடைந்து, நன்னாரி சர்பத் மாதிரி தெளிந்த சிவப்பாகிவிடும். புரதம் இருந்தால் அது அந்தச் சக்தியை முன்னமே பிடித்து முடக்கிவிட்டிருக்கும். அணுக்கள் உடையாமல் குழியின் அடியில் ஒரு சிவப்புப் பொத்தானாகப் படியும். பொத்தான் முழுதாக இருந்தால் நான்கு. பொத்தானே இல்லை என்றால் சைபர். நடுவே மூன்று, இரண்டு, ஒன்று. எழுத வேண்டியது இந்த எண்ணைத்தான்.

எழுபதுகளின் பின்பாதியில் ஒரு வைகாசி மாதம். ஊருக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அண்ணன் மனைவி, என் மதினி, ஒரு ஓலைப்பெட்டியைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். உள்ளே செத்த கோழி மூன்று.

"நல்லா முட்ட விட்டுக்கிட்டு இருந்த கோழி. வயிறு ஊதி, கொண்டை வெளுத்து, ஒண்ணு பின்னால ஒண்ணாப் போவுது. கோழி ஆஸ்பத்திரியில வேல பாக்குதேன் வேல பாக்குதேன்னு சொல்லுத, என்னன்னு பாத்துச் சொல்லேம்ல" என்றார்.

டாக்டர் அன்று காலையே மூன்றையும் அறுத்தார். ஈரல் இருக்க வேண்டிய அளவைவிட நாலு மடங்கு, வால் பக்கம் வரை இறங்கி, வெளிறிய புள்ளிகளோடு கிடந்தது. அவர் ஈரலைத் தொடவே இல்லை. முதலில் தொடை நரம்பைத் தேடி எடுத்தார். மெல்லிசாக, ஆரோக்கியமாக இருந்தது. நரம்பு தடித்திருந்தால் அது வேறு நோய், வேறு வைரஸ். அடுத்து வால் அடியில் உள்ள பர்சா என்ற சிறு பையை நறுக்கினார். அதற்குள் கட்டி. மூன்று கோழியிலும் கட்டி.

"பெரிய ஈரல் நோய்" என்றார். "இது தாய்க்கோழியோட முட்டை வழியாக் குஞ்சுக்குப் போகும். குஞ்சாக இருக்கும்போது பொரிச்ச பெட்டியில பக்கத்துக் குஞ்சுக்கும் தொத்தும். வெளியே தெரிய ஆறு மாசம் ஆகும். குஞ்சு எங்க வாங்கினது?"

குஞ்சுகள் மாப்பிள்ளையூரணி கிரேஸ் டீச்சர் பண்ணையில் வாங்கியவை.

கிரேஸ் டீச்சர் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தவர். கணவர் துறைமுக வேலையில் விபத்தில் முதுகு உடைந்து படுத்த படுக்கையான பிறகு, அவரைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்டுவிட்டு வீட்டோடு கோழி வளர்த்தார். பதினோரு வருடம் பொறுக்கிப் பொறுக்கி இனம் சேர்த்து, அக்கினி வெயிலிலும் முட்டை குறையாத கோழிகளை உண்டாக்கி வைத்திருந்தார். ஆற்றோரத்துக் கிராமங்களில் பாதி வீட்டில் அவர் குஞ்சுதான். அவர் பண்ணைக்கு நோய் என்று முடிவானால் அந்தப் பதினோரு வருடமும் குழிக்குள் போகும்.

அவர் வைத்திருந்த ஒழுங்கு எங்கள் ஆய்வுக்கூடத்தில்கூட இல்லை. முட்டையிடப் புகுந்த கோழி தானே அடைபடும்படி கதவு வைத்த கூடுகள். ஆகவே எந்த முட்டை எந்தக் கோழியுடையது என்று அவருக்குத் தெரியும். ஒவ்வொரு கோழியின் வலது காலிலும் பூத்தையல் நூலில் ஒரு கட்டு. தகப்பன் சேவல் எதுவோ அதற்கு ஏற்ற நிறம். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று நான்கு சேவல்கள். தாய் யார் என்பது அவர் நோட்டில் இருக்கும். அந்த நூலோடு சேர்த்து எண் போட்ட அலுமினிய வளையங்களை நாங்கள் மாட்டினோம். இரண்டு கொட்டகை. முதல் கொட்டகையில் அறுபத்து மூன்று கோழி. இரண்டாவதில் அதற்குக் கொஞ்சம் குறைவு.

சோதனைக்காக ஒவ்வொரு கோழியின் முட்டையும் எங்களிடம் வந்து சேர்ந்த நேரத்தில் டாக்டரின் மகளுக்குக் கல்யாணம் குதிர்ந்தது. மூன்று வாரம் லீவு. போகும்போது சொன்னார்: "ரெண்டு கொட்டகையும் முடியாம யாருக்கும் எதுவும் சொல்லாதீங்க. அவசரம்னா நாசரேத்துக்கு பஸ் இருக்கு."

முதல் கொட்டகையை முடித்தேன். இருபத்தெட்டுக் கோழிகளின் குழியில் மெல்லிய பொத்தான். ஒன்று, இரண்டு, ஒன்று, ஒன்று, இரண்டு என்று பதிவேட்டில் எழுதினேன். நோய்க் கோழியின் வெள்ளைக் கருவை விட்டு ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த நோய்க்குழியில் முழுப் பொத்தான் பளிச்சென்று கிடந்தது. அந்த வித்தியாசம் என் கண்ணில் பட்டது. பட்டும் அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை. இரண்டாம் கொட்டகைக்குக் கினிப்பன்றி ரத்த நீர் போதவில்லை. அந்த முட்டைகளைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டேன்.

மறுநாள் மேலதிகாரி ஒருவர் போன் செய்தார். ஆற்றோரக் கிராமங்களிலிருந்து புகார் மேல் புகாராம். டாக்டர் லீவு என்றேன்.

"டாக்டர் இல்லன்னா என்ன, நீங்க இருக்கீங்களே நம்பிராஜன். சோதனை பண்ணினது நீங்கதானே? பாசிட்டிவா, இல்லையா? ஒரே வார்த்தை."

எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. அத்தனை பெரிய அதிகாரி என் முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நாசரேத் போக ஒன்றரை மணி நேரம். நான் பஸ் ஏறியிருக்கலாம். "ரெண்டாவது கொட்டகை பாக்கி சார்" என்று சொல்லியிருக்கலாம். "ஒண்ணும் ரெண்டும்தான் சார், நாலுன்னு ஒண்ணுகூட இல்ல" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"முதல் கொட்டகை பாசிட்டிவ் சார்" என்றேன்.

இரண்டாம் நாள் உத்தரவு வந்தது. முதல் கொட்டகை முழுவதையும் அழித்துச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும், முன்னின்று நடத்த வேண்டியது நான்.

அந்த நாளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். இரண்டு ஆட்கள் குழி வெட்டினார்கள். டீச்சர் கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துவந்து கொடுத்தார். வேறு யாரையும் கொட்டகைக்குள் விடவில்லை. ஆள் நுழைந்தால் கோழிகள் மிரளும் என்றார். கொல்லப் போகிற கோழி மிரண்டால் என்ன என்று எனக்குள் நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக இன்று வெட்கப்படுகிறேன்.

"ஒண்ணாவது சீக்காளி மாதிரி இருக்கா தம்பி? கொண்டையப் பாருங்க. என்ன செவப்பு!"

"உள்ள இருக்கும் டீச்சர். வெளிய தெரியாது."

"நீங்க படிச்சவிய. சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அதைக் குத்தலாகச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார். பிறகு, "கால்ல உள்ள நூல மட்டும் அறுத்துக்கிடுதேன். அதக் குழிக்குள்ள போட வேண்டாம்" என்று கேட்டார். வளையத்தோடு சேர்த்து ஒவ்வொரு காலிலிருந்தும் நூலைக் கத்தரித்து ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டுக்கொண்டார்.

சேவல்கள் தனிக் கூண்டில் இருந்ததால் உத்தரவில் வரவில்லை. முதல் கொட்டகை காலியானதும் மேலதிகாரி பண்ணையைச் சுத்தம் என்று அறிவித்தார். இரண்டாம் கொட்டகையிலிருந்து ஏற்கெனவே அடைவைத்திருந்த முட்டைகளின் குஞ்சுகளை விற்கலாம் என்றும் அனுமதித்தார். குளிர்பெட்டியில் இருந்த முட்டைகளைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் நினைவூட்டவில்லை.

லீவு முடிந்து டாக்டர் வந்தார். கல்யாணப் பலகாரப் பொட்டலத்தை என் மேஜையில் வைத்துவிட்டு, பதிவேட்டைத் திறந்து நின்றுகொண்டே படித்தார். நான் அழிப்பு உத்தரவையும் எடுத்துக் கொடுத்தேன். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

"ஒண்ணு, ரெண்டுன்னு எழுதியிருக்கீங்க. உத்தரவுல பாசிட்டிவ்னு இருக்கு. இந்த வார்த்தை எங்கேயிருந்து வந்தது, மிஸ்டர் நம்பி?"

"நான் போன்ல சொன்னேன் சார்."

"அப்படியா?"

அவ்வளவுதான். பலகாரத்தை நான் பிரிக்கவில்லை.

மறுநாள் இரண்டாம் கொட்டகையிலிருந்து புது முட்டைகள் வாங்கிவரச் சொன்னார். சோதனையை அவரே வைத்தார். நான் குழாய் கழுவினேன். பயிற்சிக் காலத்துக்குத் திரும்பிப் போன மாதிரி இருந்தது. அடுத்த நாள் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து என்னைக் கூப்பிட்டார். வரிசை வரிசையாகத் தெளிந்த சிவப்பு. அங்கங்கே சில குழிகளில் மெல்லிய பொத்தான். ஆனால் நான்கு குழிகளில் மட்டும் முழுப் பொத்தான், ஒப்பிட வைத்த நோய்க்குழியில் இருந்த மாதிரியே.

"நாலு" என்றேன்.

"நாலு கோழி, நாலும் நாலு" என்றார் அவர். "டீச்சரை வரச் சொல்லுங்க. நோட்டோட வரணும்."

கிரேஸ் டீச்சர் நோட்டோடு அந்தப் பிஸ்கட் டின்னையும் கொண்டுவந்தார். டாக்டர் கேட்கும் முன்னாலேயே டின்னை மேஜைமேல் கவிழ்த்தார்.

"எனக்கு ஒரு சந்தேகம் டாக்டர். படுத்தா ஒறக்கம் வரமாட்டேங்குது. எந்தெந்தக் கோழி சீக்குன்னு நம்பரச் சொன்னா நானும் பாத்துக்கிடுவேன்."

டாக்டர் ஒரு வெள்ளை எனாமல் தட்டை எடுத்து நடுவில் வைத்தார். என்னிடம் பதிவேட்டைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். நான் வளைய எண்ணையும் அதற்கு நேரான சோதனை எண்ணையும் வாசிக்க, டீச்சர் அந்த வளையம் கோத்த நூலைத் தேடி எடுத்தார். ஒன்றும் இரண்டும் வந்தவை தட்டின் இடப்பக்கம், சைபர் வந்தவை வலப்பக்கம். அறுபத்து மூன்று எண். ஒவ்வொரு எண்ணை வாசிக்கும்போதும் அந்தக் கோழியை மறுபடி கொல்கிற மாதிரி எனக்கு இருந்தது. நடுவே இரண்டு முறை நிறுத்தித் தண்ணீர் குடித்தேன்.

முடிந்தபோது இடப்பக்கம் இருந்த இருபத்தெட்டு நூலும் சிவப்பு. பச்சை ஒன்று இல்லை, மஞ்சள் ஒன்று இல்லை. வலப்பக்கம் எல்லா நிறமும் கலந்து கிடந்தது. அதிலும் சிவப்புத்தான் அதிகம். எண்ணிப் பார்த்தால் சிவப்புச் சேவலின் மகள்களில் ஏறக்குறைய பாதி இடப்பக்கம், பாதி வலப்பக்கம்.

"எல்லாம் செவப்பன் மக்கமாருல்லா" என்றார் டீச்சர். "சீக்கு தகப்பன் வழியா வருமா டாக்டர்?"

"வராது டீச்சர். இந்தச் சீக்கு தாய் முட்டை வழியாத்தான் வரும். சேவல் முட்டைக்குள்ள இத அனுப்ப முடியாது." டாக்டர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டாவது கொட்டகையில இந்த நாலு நம்பருக்குத்தான் முழுப் பொத்தான். அந்த நாலு கோழியோட தாயைப் பாருங்க."

டீச்சர் நோட்டைப் புரட்டினார். நான்கு கோழிகளின் காலில் நான்கு விதமான நூல். தகப்பன் வேறு வேறு. ஆனால் அதில் ஒன்று தாய், மற்ற மூன்றும் அதன் வயிற்றில் பிறந்த மகள்கள்.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். மாதக் கணக்கில் கப்பல் தபாலில் தாமதமாக வரும் வெளிநாட்டுச் சஞ்சிகைகளை ஒரு வரி விடாமல் படிக்கிறவர் அவர். டீச்சருக்குப் புரியும்படி சொன்னார். இந்த வைரஸ் சாதிக்கு ஒரு விசேஷம் உண்டு. கோழியின் உடம்பு அணுவுக்குள் புகுந்தால் தன்னைப் பற்றிய குறிப்பை அந்த அணுவின் மரபணுவிலேயே எழுதிவிடும். எத்தனையோ காலத்துக்கு முன் ஏதோ ஒரு கோழியின் வித்தணுவில் அப்படி எழுதப்பட்ட குறிப்பு, பிறகு கொண்டை போல, இறகு நிறம் போல, தகப்பன் வழியாகவும் தாய் வழியாகவும் பிள்ளைக்கு வந்துகொண்டே இருக்கும். அந்தக் குறிப்பு உள்ள கோழி வைரஸின் புரதத்தைக் கொஞ்சம் செய்யும். நோயைச் செய்யாது. நம் சோதனைக்குப் புரதம்தான் தெரியும், அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

"அப்ப அந்த இருபத்தெட்டும்?" என்றார் டீச்சர்.

"அது சீக்கு இல்ல, டீச்சர். தகப்பன் குடுத்த சொத்து."

டீச்சர் அழவில்லை. நூல்களை இடப்பக்கம் வலப்பக்கம் என்று பார்க்காமல் ஒன்றாக அள்ளி டின்னில் போட்டு மூடினார். நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

ஒரு மாதத்துக்கும் மேலே கழித்துக் கிடைத்த விடையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டாக்டர் ஊகத்தை நம்பி எழுதுகிறவர் அல்ல. சிவப்புச் சேவலை எங்கள் கூடத்துக்குக் கொண்டுவந்து, எப்போதும் சைபரே காட்டிய எங்கள் கோழிகளோடு விட்டார். அந்த முட்டைகளை அடைவைத்து, பதினோராம் நாள் உடைத்துக் கருவை அரைத்துச் சோதித்தோம். தாய்களிடம் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஏறக்குறைய பாதிக் கருக்களில் அதே மெல்லிய பொத்தான். காலையில் நான் படித்தேன், மத்தியானம் அவர் படித்தார். ஒத்துப்போனது. பச்சை மையில் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினார். அந்த அறிக்கையில் என் பெயரையும் சேர்த்திருந்தார். வேண்டாம் சார் என்றேன். "முதல் கொட்டகையைப் படிச்சது நீங்கதானே" என்று சொல்லிவிட்டார். அது பாராட்டா தண்டனையா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

நூல் பிரித்த அந்த நாளுக்கு வருகிறேன். டீச்சர் டின்னை மூடியதும் நான் வாயைத் திறந்தேன்.

"டீச்சர், என்னை மன்னிச்சிருங்க."

"அது கெடக்கட்டும் தம்பி" என்றார் அவர் நோட்டைத் திறந்துகொண்டே. "அந்த நாலு கோழி முட்டையும் சேத்துத்தான் ரெண்டு தடவ குஞ்சு பொரிச்சு வித்திருக்கேன். ஒரே பெட்டியில பொரிச்சது. டாக்டர் இப்பச் சொன்னத வச்சுப் பாத்தா அத்தன குஞ்சுக்கும் தொத்தியிருக்கும். ஆத்தோரத்துல பதினோரு வீடு. நாளைக்கு எங்கூட வாரியளா?"

நோயில்லாத கொட்டகையை நான் குழிக்குள் தள்ளினேன். நோயுள்ள கோழிகளுக்குச் சுத்தம் என்ற பெயரை வாங்கிக் கொடுத்தேன். இரண்டும் ஒரே வார்த்தையால் நடந்தது. அதை அப்போதுதான் முழுதாக உணர்ந்தேன். நோட்டில் இருந்த பெயர்களை டீச்சர் வாசித்தார். பதினோராவது பெயர் என் அண்ணனுடையது. அதைக் கேட்டு நான் திடுக்கிடவில்லை. முதல் கொட்டகையை அழித்த வாரம் ஊருக்குப் போனபோது, "இனி பயப்படாம அந்தப் பண்ணையிலேயே குஞ்சு வாங்குங்க மதினி, கெட்டதெல்லாம் அழிச்சாச்சு" என்று சோற்றில் கை வைத்துக்கொண்டு பெருமையடித்தவன் நான்தான்.

மறுநாள் காலை பஸ்ஸில் போனோம். டீச்சர் கையில் இரண்டு மூங்கில் கூடை. ஒவ்வொரு வீட்டிலும் அவர்தான் பேசினார். குஞ்சில் நோய் இருக்கிறது, திரும்ப எடுத்துக்கொள்கிறேன், வேறு குஞ்சு தருகிறேன் என்று மட்டும் சொன்னார். யார் தப்பு என்று சொல்லவில்லை. சில வீட்டில் திட்டினார்கள். ஒரு வீட்டில், "டீச்சரம்மா, பள்ளிக்கூடத்துல புள்ளைகளுக்குப் பொய் சொல்லிக் குடுத்தது போதாதுன்னு கோழியிலயும் ஆரம்பிச்சிட்டியளோ" என்று கேட்டார்கள். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு குஞ்சுகளைப் பொறுக்கினார். நான் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அந்தத் திட்டு என் பக்கம் திரும்பியிருக்கும். பத்து வீடுவரை நான் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அண்ணன் வயலுக்குப் போயிருந்தான். மதினி முற்றத்தில் குஞ்சுகளுக்குக் குருணை போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு வாரக் குஞ்சுகள், இறக்கையில் புது இறகு முளைத்து, அவர் காலைச் சுற்றியே நின்றன. டீச்சர் வழக்கம்போல் பேச வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன்.

"மதினி, இந்தக் குஞ்சுகளுக்குச் சீக்கு இருக்கும். எடுத்துட்டுப் போக வந்திருக்கோம். டீச்சர் மேல தப்பு இல்ல. நான் அழிக்கச் சொன்ன அறுபத்து மூணு கோழிக்கும் சீக்கே கெடயாது. சீக்கு இருந்தது நான் சுத்தம்னு சொன்ன கொட்டகையில."

மதினி கையில் இருந்த குருணையைச் சுளகில் போட்டார்.

"அறுபத்து மூணுக்கும் ஒரு கொறையும் இல்லியா?"

"இல்ல."

"அப்ப நீ என்னத்தப் பாத்துச் சொன்ன?"

பார்த்தது ஒன்று, இரண்டு என்ற எண்கள். அதைச் சொல்லி அவருக்குப் புரியவைத்திருக்க முடியும். எதிர்மருந்து, ஆட்டு ரத்தம், பொத்தான் என்று பேசியே தப்பித்திருக்கவும் முடியும். டீச்சர் பக்கத்தில் நின்றார்.

"கேட்டவர் பெரிய அதிகாரி மதினி. தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துது."

மதினி என்னைத் திட்டவில்லை. டீச்சரைப் பார்த்து, "ஒங்க பண்ணையப் பத்தி ஊரெல்லாம் நானும் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன் டீச்சர்" என்றார். பிறகு குனிந்து குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து டீச்சர் நீட்டிய கூடையில் விட்டார். அவர் கை என்பதால் ஒரு குஞ்சும் ஓடவில்லை. பதினொன்றை விட்டபின் கடைசிக் குஞ்சை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்தார்.

"இத நீயே போடு" என்று என் கையில் வைத்தார்.